செல்லுக்குள் கூடை முடையும் புரதங்கள்

அறிவியல் பக்கம் – பிளஸ் டூ உயிரியல் பிரிவு



செல் சவ்வு, மைட்டோகாண்ட்ரியா, உட்கரு என்று படம் வரைந்து பாகம் குறித்து நாம எல்லோருமே மார்க் வாங்கியிருக்கோம். ஆனால் ஒரு கேள்வி. ஆக்சிஜன் மாதிரி சின்ன மூலக்கூறு சவ்வு வழியே நேராக நுழைஞ்சிடும். சர்க்கரைக்குத் தனி வழி உண்டு. பெரிய புரதமோ, கொழுப்பு உருண்டையோ செல்லுக்குள் எப்படிப் போகும்? சவ்வைக் கிழித்துக்கொண்டு போனால் செல் செத்துவிடுமே!

அதற்குச் செல் கண்டுபிடித்த வழிதான் கூடை. சவ்வின் ஒரு சின்ன இடம் உள்பக்கமாகக் குழியும். குழியின் அடியில் ஒரு புரதக் கூடை முடையப்படும். சரக்கு குழியில் விழும். வாய் இறுகி அறுந்து, ஒரு பையாக உள்ளே போய்விடும். பிறகு கூடை பிரிந்து, அதே துண்டுகள் அடுத்த கூடைக்குத் திரும்பும். ஒரு கூடைக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிஷம்! கூடையின் அளவு 100 நானோமீட்டர் சுமார். நம்ம தலைமுடி ஒன்றின் தடிமனில் இப்படி எழுநூறு, எண்ணூறு கூடைகளை வரிசையாக அடுக்கலாம்.

இந்தக் கூடையின் பெயர் கிளாத்ரின் உறை. இதை எந்தெந்தப் புரதம், தன் உடம்பின் எந்தப் பகுதியால் முடைகிறது என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் கண்டது கொசு முட்டையில்!

1964ஆம் ஆண்டு தாமஸ் ராத், கீத் போர்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் முட்டைச் செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆமாம், டெங்கு பரப்புகிற அதே கொசுதான். பெண் கொசு ரத்தம் குடித்த பிறகு, முட்டைக்கு வேண்டிய மஞ்சள்கருப் புரதம் முட்டைச் செல்லுக்குள் போகணும். ரத்தம் குடித்த பிறகு முட்டைச் செல்லின் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் 15 மடங்கு பெருகியதை அவர்கள் கண்டார்கள். ஒவ்வொரு குழிக்கும் உள்பக்கம் முள்முள்ளாக ஒரு உறை இருந்தது. குழிகள் அறுந்து பைகளாகி உள்ளே போயின. உள்ளே போனதும் உறையைக் கழற்றிவிட்டன.

1969இல் ஜப்பானில் கனசேகி, கடோட்டா என்ற இருவர் மூளைச் செல்களில் இருந்து எடுத்த பைகளைக் கூர்ந்து பார்த்து, அந்த முள் உறை உண்மையில் ஐங்கோணமும் அறுகோணமும் கலந்த ஒரு கூடை என்றார்கள். 1970களின் நடுவில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் என்ற பெண் விஞ்ஞானி பன்றி மூளையிலிருந்து அந்தக் கூடையின் புரதத்தைப் பிரித்தெடுத்தார். கம்பிவலை, கிராதி என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து அதற்குக் கிளாத்ரின் என்று பெயர் வைத்தார்.

டொமைன் என்றால் என்ன?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட மாலை. ஆனால் அது நூல் மாதிரி தொங்கிக்கொண்டு இருக்காது. மாலையின் ஒரு பகுதி தானாகவே மடிந்து ஒரு உருவம் எடுக்கும். அடுத்த பகுதி வேறு உருவம் எடுக்கும். இப்படித் தனியாக மடிந்து, தனியாக ஒரு வேலை செய்யும் பகுதியே டொமைன்.

வீட்டு அரிவாள்மனையை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு அலகு, தேங்காய் துருவ நுனியில் பல், காலால் அழுத்திப் பிடிக்கக் கட்டை. பொருள் ஒன்று, பாகம் மூன்று, வேலையும் மூன்று. பல்லை மட்டும் கழற்றினால் தேங்காய் துருவ முடியாது, காய் நறுக்கலாம். புரதமும் அப்படித்தான். ஒரு டொமைன் கெட்டால் அந்த ஒரு வேலை மட்டும் நின்றுபோகும். எது எதற்கு என்று விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பதும் இந்த வழியில்தான்.

கிளாத்ரினின் உருவம்

கிளாத்ரின் மூலக்கூறுக்கு மூன்று கால். மூன்று கனமான சங்கிலிகளும் மூன்று லேசான சங்கிலிகளும் சேர்ந்தது. மூன்று கால் உருவத்தை 1981இல் கண்டார்கள். ஒரு தாளில் நடுப்புள்ளி வைத்து, அதிலிருந்து மூன்று வளைந்த கால்களை ஒரே பக்கம் சுழல்கிற மாதிரி வரையுங்கள். அதுதான்!

கனமான சங்கிலி ஒவ்வொன்றிலும் 1,675 அமினோ அமிலங்கள். அதன் பாகங்கள்:

நடு மையம்: மூன்று கால்களும் சேர்ந்து கட்டிக்கொள்ளும் டொமைன்.

கால்: தொடை, முழங்கால், கணுக்கால் என்று மனிதக் கால் மாதிரியே பெயர் வைத்திருக்காங்க. பக்கத்து கிளாத்ரின்களின் கால்களோடு பின்னிக்கொள்வது இந்தப் பகுதி.

கால் நுனி: ஏழு இதழ் கொண்ட காத்தாடி மாதிரி மடிந்த டொமைன். இது சவ்வுப் பக்கம் பார்த்து நிற்கும். மற்ற புரதங்களின் நீட்சியை இதழ்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் பிடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை: கிளாத்ரினுக்குச் சவ்வைப் பிடிக்கவே தெரியாது! சரக்கையும் அது தொடாது. கூடை முடைய மட்டுமே தெரியும். பிடித்துக் கொடுப்பதற்கு ஆட்கள் வேண்டும்.

ஒரு நிமிஷ வேலை – படிப்படியாக

1. இடம் பிடித்தல். சவ்வின் உள்பக்கம் பிப்-2 என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு கொழுப்பு உண்டு. 'இங்கேதான் கடை' என்று காட்டும் போர்டு அதுதான். முதலில் வருபவர்களில் ஒருவர் எஃப்.சி.எச்.ஓ. என்ற புரதம். லேசாக வளைந்த எஃப்-பார் டொமைனால் அது சவ்வில் ஒட்டும்.

2. சரக்கு பொறுக்குதல். ஏபி-2 என்ற புரதக் கூட்டு வருகிறது. நான்கு துண்டுகள் சேர்ந்தது. வெறுமனே மிதக்கும்போது தன்னைப் பூட்டிக்கொண்டு இருக்கும். பிப்-2 உள்ள சவ்வில் ஒட்டியதும்தான் பூட்டு திறக்கும். திறந்ததும் ஒரு பகுதி சரக்கின் வாலைப் பிடிக்கும். கண்ட சரக்கையும் பிடிக்காது. வாலில் குறிப்பிட்ட வரிசையில் சில அமினோ அமிலங்கள் இருந்தால்தான் பிடிக்கும். பஸ்ஸில் டிக்கெட் பார்க்கிற மாதிரி.

3. கூடை முடைதல். ஏபி-2வில் இருந்து நீண்ட கை ஒன்று தொங்குகிறது. அந்தக் கையில் உள்ள சின்ன அடையாளம் கிளாத்ரினின் காத்தாடிப் பள்ளத்தில் போய் உட்காரும். இப்படி ஒவ்வொன்றாகக் கிளாத்ரின்கள் வந்து கால் பின்னுகின்றன.

4. வளைத்தல். எப்சின் என்ற புரதத்தின் என்த் டொமைன் பிப்-2வைத் தொட்டதும், அதன் முனையில் ஒரு சின்னச் சுருள் புதிதாக உருவாகும். அந்தச் சுருள் சவ்வின் உள் அடுக்கில் ஆப்பு மாதிரி சொருகிக்கொள்ளும். மரத்தில் ஒரு பக்கம் ஆப்பு அடித்தால் மறுபக்கம் வளையுமே, அது போலச் சவ்வும் வளைகிறது. ஏபி-180 என்பதும் இதற்குச் சொந்தக்காரர்தான். அதன் டொமைன் பெயர் ஆன்த்.

5. கழுத்து. குழி ஆழமானதும் அதற்கு ஒடுங்கிய கழுத்து உண்டாகும். அங்கே வருவது ஆம்பிஃபைசின். இதன் பார் டொமைன் இரண்டு இரண்டாகச் சேரும்போது அப்படியே வாழைப்பழ வடிவம்! பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற நம்ம விருப்பாச்சிப் பழத்தை ஒரு குழாய்மேல் வைத்துப் பாருங்கள். பழத்தின் உள்வளைவு குழாயோடு ஒட்டி உட்காரும். பார் டொமைன் கழுத்தில் உட்காருவதும் அப்படித்தான். இதே புரதத்தின் மறுமுனையில் எஸ்.எச்-3 என்று இன்னொரு டொமைன் உண்டு. அதன் வேலை அடுத்த ஆளைக் கூப்பிடுவது.

6. அறுத்தல். அந்த ஆள்தான் டைனமின். கழுத்தைச் சுற்றிக் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு, ஜி.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழித்து இறுக்கும். உருளைக்கிழங்கு மூட்டையின் வாயைக் கயிறு சுற்றி இறுக்குகிறோமே, அதேதான். இறுக்கி இறுக்கிக் கழுத்து அறுந்துவிடும். டைனமினில் எரிபொருளை உடைக்க ஒரு டொமைன், வரிசையாகக் கோத்துக்கொள்ள ஒரு தண்டு, சவ்வைத் தொட பி.எச். டொமைன் (அமிலம் அளக்கிற பி.எச். வேறு, இது வேறு!), ஆம்பிஃபைசினின் எஸ்.எச்-3 பிடித்துக்கொள்ள ஒரு வால்.

7. பிரித்தல். பை உள்ளே வந்தாச்சு. இனிக் கூடை வேண்டாம். ஆக்ஸிலின் என்ற புரதம் தன் ஒரு பகுதியால் கிளாத்ரினைப் பிடித்து, ஜே டொமைனால் எச்.எஸ்.சி-70 என்ற புரதத்தை அழைத்து வரும். அது ஏ.டி.பி. செலவழித்துக் கூடையைப் பிரித்துப் போடும்.

ஏன் கூடை? ஏன் பசை இல்லை?

கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து வைக்கும் மூங்கில் பஞ்சாரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒரு பிளாச்சு இன்னொன்றின் மேலும் கீழும் போய்ப் போய்த்தான் நிற்கிறது. ஒரு பிளாச்சை மட்டும் தனியாகப் பிடித்தால் சுலபமாக உருவிவிடலாம். எல்லாம் சேர்ந்தாலோ மேலே கல்லையே வைக்கலாம்.

மேலே சொன்ன டொமைன்கள் ஒவ்வொன்றின் பிடியும் அப்படித்தான், தனித்தனியாகப் பலவீனமானது. காத்தாடிப் பள்ளத்தில் உட்காரும் அந்தச் சின்ன அடையாளம் சீக்கிரமே விடுபட்டுவிடும். ஆனால் ஒரே குழியில் நூற்றுக்கணக்கான பிடிகள் சேரும்போது கூடை நிற்கிறது. ஒவ்வொரு பிடியும் சிமெண்ட் மாதிரி கெட்டியாக இருந்திருந்தால் கூடை கட்டலாம், பிரிக்க முடியாது. செல்லுக்கு இரண்டுமே வேண்டும், அதுவும் ஒரு நிமிஷத்துக்குள். இந்தப் பாடத்தில் மறக்கக் கூடாத விஷயம் இதுதான்.

கணக்குப் பிரியர்களுக்கு!

வெறும் அறுகோணங்களால் பந்து செய்ய முடியாது. தேன்கூடு மாதிரி தட்டையாகத்தான் வரும். மூடிய பந்து வேண்டும் என்றால், ஒவ்வொரு முனையிலும் மூன்று விளிம்பு சேர்கிற கூடையில் சரியாக 12 ஐங்கோணங்கள் வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

கால்பந்தை எடுத்து எண்ணுங்கள். ஐங்கோணம் 12, அறுகோணம் 20, மொத்த முகம் 32. முனைகள் (12×5 + 20×6) ÷ 3 = 60. விளிம்புகள் 180 ÷ 2 = 90. ஆய்லர் விதிப்படி 60 − 90 + 32 = 2. சரியா வருதா?

கிளாத்ரின் கூடையில் ஒவ்வொரு முனையிலும் ஒரு கிளாத்ரினின் மையம் உட்காரும். எனவே கால்பந்து வடிவக் கூடைக்கு 60 கிளாத்ரின். சோதனைச்சாலையில் 36 கிளாத்ரினால் ஆன சிறிய கூடையும் செய்திருக்கிறார்கள். அதில் ஐங்கோணம் 12, அறுகோணம் எத்தனை? நீங்களே போட்டுப் பாருங்க. விடை கடைசியில்.

கொடைக்கானலில் பறக்கும், பழனியில் விழும் ஈ!

வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயில் ஒரு ரகம் உண்டு. பெயர் ஷிபிரே. ஜப்பானிய மொழியில் மரத்துப்போவது என்று பொருள். 1973இல் கனடாவில் டேவிட் சுசுகி குழுவினர் இதை அறிவித்தார்கள். குளிர்ந்த இடத்தில் இந்த ஈ சாதாரணமாகப் பறக்கும், நடக்கும். வெப்பம் 29, 30 டிகிரிக்குப் போனால் ஓரிரு நிமிஷத்தில் மரத்துப்போய்க் கீழே விழும். மறுபடி குளிர வைத்தால் எழுந்து நடக்கும்!

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், கொடைக்கானலில் பகல் வெப்பம் கோடையிலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கே இந்த ஈக்கு ஒரு குறையும் தெரியாது. அதையே ஒரு பாட்டிலில் போட்டு, பெருமாள்மலை வழியாக மலைப்பாதையில் சித்திரை மாச மத்தியானம் பழனிக்கு இறக்கினால், அடிவாரம் சேர்வதற்குள் விழுந்து கிடக்கும்.

காரணம் என்ன? நரம்பு முனையில் செய்திகள் சின்னப் பைகளில் வெளியே போகின்றன. அந்தச் சவ்வை மறுபடி உள்ளே இழுத்துப் புதுப் பை செய்யணும். ஷிபிரே ஈயில் வெப்பம் ஏறினால் இந்த வேலை நின்றுவிடுகிறது. குழி விழுகிறது, கழுத்தும் வருகிறது, ஆனால் அறுபடவில்லை. கையிருப்புப் பைகள் தீர்ந்ததும் நரம்பு ஊமையாகிறது. 1991இல் இந்த ஜீன் எது என்று தெரிந்தது. டைனமின்தான்! எரிபொருளை உடைக்கும் டொமைனில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அவ்வளவுதான்.

நம் நாட்டு ஆய்வாளர்கள்

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணன் இந்த ஷிபிரே ஈக்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் மணி ராமசாமியும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, ஜி.டி.பி.யைத் தயாரித்துத் தரும் என்சைம் குறைந்தாலும் டைனமின் வேலை கெடுகிறது என்று காட்டியது. கயிறு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, இழுக்கிறவனுக்குச் சோறும் வேண்டுமே!

புனே ஐசர் நிறுவனத்தில் தாமஸ் புக்காடியில் குழுவினர் கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய சவ்வுக் குழாய்களை உருவாக்கி, டைனமின் அவற்றை அறுப்பதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்க்கிறார்கள். டைனமினின் பி.எச். டொமைனை எடுத்துவிட்டு, சவ்வில் ஒட்ட வேறு ஒரு சின்னத் துண்டை வைத்துப் பார்த்தார்கள். 2017இல் வந்த அந்த ஆய்வின் முடிவு: அப்போதும் அறுக்கிறது, ஆனால் தாமதமாக. அரிவாள்மனையின் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பார்த்த மாதிரி இல்லையா?

பெங்களூரு என்.சி.பி.எஸ். நிறுவனத்தில் சத்யஜித் மேயர் குழுவோ, கிளாத்ரின் இல்லாமலே செல்லுக்குள் நுழையும் வேறு வாசல்களை ஆராய்ந்திருக்கிறது.

ஒரு எழுத்து மாறினால்...

கெட்ட கொழுப்பு என்று டாக்டர்கள் சொல்லும் எல்.டி.எல். உருண்டைகளை ரத்தத்திலிருந்து அகற்றுவதும் இந்தக் கூடைதான். பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவரும் இதை ஆராய்ந்து 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். பரம்பரைக் கொழுப்பு நோயாளி ஒருவரின் செல்கள் எல்.டி.எல்.லை வெளியே சரியாகப் பிடித்தன, ஆனால் உள்ளே எடுக்கவில்லை. அந்த ஏற்பிப் புரதத்தின் உள்வாலில், 807ஆம் இடத்தில் இருக்கவேண்டிய டைரோசினுக்குப் பதிலாக சிஸ்டீன் இருந்தது. டிக்கெட்டில் ஒரு எழுத்துப் பிழை. கூடை அந்தச் சரக்கை ஏற்றவில்லை. இந்தப் பரம்பரை நோயில், பழுதான ஜீன் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் சிறு வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

டெங்கு வைரஸும் இதே வாசலில்!

டெங்கு வைரஸின் குறுக்களவு 50 நானோமீட்டர். கிளாத்ரின் கூடைக்குள் கச்சிதமாக அடங்கும். செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, சாப்பாடு மாதிரி நடித்து, கூடையில் ஏறி உள்ளே வந்துவிடுகிறது. பைக்குள் அமிலம் கூடியதும் வைரஸின் மேலுறைப் புரதம் வடிவம் மாறி, பையின் சவ்வோடு கலந்து, தன் ஜீனை வெளியே விடுகிறது. அந்த உறைப் புரதத்துக்கும் மூன்று டொமைன்கள் உண்டு. இரண்டாம் டொமைனின் நுனிதான் சவ்வில் குத்துகிறது.

யோசித்துப் பாருங்கள். ஏடிஸ் கொசு முட்டையை நிரப்புவதும் இந்தக் கூடை, அந்தக் கொசு கொண்டுவரும் வைரஸ் நம் செல்லில் நுழைவதும் இந்தக் கூடை. அப்படியென்றால் கூடையை நிறுத்தும் மருந்து போட்டு டெங்குவை ஒழிச்சிடலாமே என்று கேட்கலாம். ஷிபிரே ஈயை மறந்துடாதீங்க! கூடை நின்றால் நம்ம நரம்பும் நிற்கும், இரும்புச்சத்தும் செல்லுக்குள் போகாது. வாசலை ஒரேயடியாக அடைப்பது வைத்தியம் ஆகாது.

ஆகவே கொசுவை முட்டை அளவிலேயே நிறுத்துவதுதான் நம் கையில் இருக்கும் வழி. ஏடிஸ் கொசு ஒரு தடவைக்கு 100 முட்டை வரை, சுத்தமான தேங்கிய தண்ணீரின் ஓரச் சுவரில் இடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் தாங்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவணும். லீவுக்குப் பழனி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று கீழே வீட்டுக்குப் போகிறவர்கள் வாரம் ஒரு முறை தொட்டி, குடம், ஃபிரிட்ஜ் பின் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் பாருங்கள்.

சுருக்கமாக நினைவில் வைக்க

காத்தாடி டொமைன் – கிளாத்ரின் – துணைப் புரதத்தைப் பிடிக்க
என்த், ஆன்த் – எப்சின், ஏபி-180 – பிப்-2வைப் பிடிக்க (சவ்வில் ஆப்பு வைப்பது என்த்)
பார் – ஆம்பிஃபைசின் – கழுத்து வளைவில் உட்கார
எஸ்.எச்-3 – ஆம்பிஃபைசின் – டைனமினைக் கூப்பிட
ஜி.டி.பி. உடைக்கும் டொமைன், பி.எச். – டைனமின் – இறுக்கி அறுக்க, சவ்வைத் தொட
ஜே – ஆக்ஸிலின் – கூடையைப் பிரிக்க ஆள் அழைக்க

உங்களுக்குச் சில கேள்விகள்

1. 36 கிளாத்ரின் உள்ள கூடையில் அறுகோணம் எத்தனை?
2. ஆக்ஸிலினின் ஜே டொமைன் மட்டும் கெட்டால், கூடை முடைவது நிற்குமா, பிரிவது நிற்குமா?
3. ஆம்பிஃபைசினில் எஸ்.எச்-3 டொமைனை மட்டும் வெட்டி எடுத்தால், அது கழுத்தில் உட்காருமா?

விடைகள் (தாளைத் தலைகீழாகத் திருப்பாமலே படிக்கலாம்!): 1. எட்டு. (12×5 + 8×6) ÷ 3 = 36. 2. பிரிவது நிற்கும். கழற்றாத கூடைகள் உள்ளே குவியும். கிளாத்ரின் திரும்பாததால் போகப்போகப் புதுக் கூடைக்கும் தட்டுப்பாடு வரும். 3. உட்காரும், பார் டொமைன் இருக்கிறதே! ஆனால் அதனால் டைனமினைக் கூப்பிட முடியாது.

சந்தேகம் இருந்தால் உயிரியல் பிரிவில் வந்து கேளுங்கள். கால்பந்தும் மூன்று கால் கிளாத்ரின் கம்பி மாடலும் லேபில் இருக்கும். தொட்டுப் பார்த்து எண்ணலாம்.